கை பார்க்கும் வாசல்

அத்தியாயம் 14

போன வாரம் நிலார் ஒரே ஒரு சொல் சொன்னாள். "சரி" என்றாள். தான் மேஸ்திரியாக இருக்கும் இறால் உரிக்கும் கொட்டகையின் கழிவறைக் கதவுக்குப் பின்னால் நின்று, போனை வாயோடு ஒட்டி வைத்து, யாருக்கும் கேட்டுவிடக் கூடாதே என்று சொன்ன சொல் அது. ஆற்றுக்கு அக்கரையில் புதிதாக எழும்பியிருக்கும் இறால் தொழிற்சாலைக்குத் தன் மேஜைப் பெண்களை அழைத்து வருவதாகவும், அங்கே தான் மேற்பார்வையாளராக இருப்பதாகவும் ஒப்புக்கொண்டுவிட்டாள்.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. புருஷனிடம் சொல்லவில்லை, நாத்தனாரிடம் சொல்லவில்லை, பத்தொன்பது வருஷமாகச் சம்பளம் கொடுக்கிற முதலாளியம்மாவிடமும் சொல்லவில்லை. தெரிந்தது மகள் யமினுக்கு மட்டும்தான். ஏற்பாடு செய்தவளே அவள்தான்.

இன்று பௌர்ணமி. மழைக்கால விரதம் முடிகிற நாள். தாய்லாந்தின் மஹாசாய் ஊரில் வாடகை அறைகளின் வராந்தாவெல்லாம் மெழுகுவர்த்தியும் காகித விளக்குமாகக் கிடந்தன. இந்த ஊரில் மீன் அறுப்பவர்களும், வலை இழுப்பவர்களும், இறால் உரிப்பவர்களும் பர்மாக்காரர்கள்தான். அவர்கள் பண்டிகைக்கு ஒரு நாள் வேலையில் கை வைக்காவிட்டால் சந்தையில் பாதிக் கடை படுத்துவிடும். வெற்றிலைக்காரனும் நூடுல்ஸ்காரியும் அறை வாடகை வாங்குகிறவரும் சேர்ந்து படுப்பார்கள். பர்மாக்காரன் வந்து வேலையைப் பறித்துக்கொண்டான் என்று காபிக் கடையில் உட்கார்ந்து அலுத்துக்கொள்கிற பெரிய மனிதர்களின் தட்டில் இருக்கும் இறாலையும் அவர்கள்தான் உரித்திருக்கிறார்கள். அது அந்தப் பெரிய மனிதர்களுக்கும் தெரியும்.

காலையில் நிலார் கன்னத்தில் சந்தனம் போலத் தனாக்கா பூசிக்கொண்டிருந்தபோதே யமின் வந்து அவளை மாடிப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள். யமின் இங்கேயே பிறந்தவள். தாய்லாந்துக்காரர்களைவிட வேகமாக அவர்கள் பாஷையைப் பேசுகிறவள். அந்த வாய்க்காகத்தான் அக்கரைத் தொழிற்சாலை அவளை மொழிபெயர்ப்பாளராக வைத்திருந்தது. இன்னும் நிரந்தரம் செய்யவில்லை.

"அம்மா, பிரமோட் சார் மறுபடி கூப்பிட்டாரு. நாளைக்குக் காலைல ஆள் எடுக்குறாங்க. பஸ் அனுப்பணுமாம். எத்தனை பேருன்னு கேக்குறாரு."

"சொல்றேன்னு சொல்லு."

"எப்ப சொல்லுவே? பஸ் வந்து ஹாரன் அடிக்கிறப்பவா?"

"பண்டிகை நாளும் அதுவுமா உயிரை வாங்காதடி. சாயங்காலம் சொல்றேன்."

யமின் கீழே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள். "இன்னொண்ணு இருக்கு. வாசல்ல கை பாப்பாங்க."

"கையா?"

"உள்ள விடுறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தரையும் கையை நீட்டச் சொல்லிப் பாப்பாங்க. நகத்துல புண்ணு, விரல்ல வெடிப்பு, தோல் உரிஞ்சதுன்னு ஏதாவது இருந்தா அப்படியே திருப்பி அனுப்பிடுவாங்க. வெளிநாட்டுக்குப் போற சரக்காம்."

'நல்ல கையாப் பாத்துக் கூட்டிட்டு வாங்க' என்று தொழிற்சாலைக்கு ஆள் எடுக்கும் பிரமோட் போனில் சொன்னபோது, நன்றாக வேலை செய்கிற கை என்றுதான் நிலார் எடுத்துக்கொண்டாள். அப்படி எடுத்துக்கொள்ளத்தான் அவளுக்கு வசதியாகவும் இருந்தது. இறால் உரித்துப் பழகிய கை வேண்டுமாம், உரித்த அடையாளம் மட்டும் இருக்கக் கூடாதாம். இது எந்த ஊர் நியாயம் என்று கேட்க வாய் வந்தது. ஆனால் எதிரே நிற்பது மகள்.

"அத்தையை மட்டும் கூட்டிட்டு வராதம்மா" என்றாள் யமின். "நாளைக்கு வாசல்ல நான்தான் நிக்கணும். வர்றவங்ககிட்ட நம்ம பாஷைல 'கையை நீட்டுங்க'ன்னு சொல்றது என் வேலை. அத்தைகிட்ட நான் எப்படிச் சொல்லுவேன்?"

"நாம எல்லாரும் போயிட்டா கொட்டகையே ஓடாது. அப்ப அவங்க என்ன பண்ணுவாங்க?"

"ரூம்ல உக்காந்து சாப்பிடட்டும். நம்ம ரெண்டு பேரும் சம்பாதிக்கிறோம்ல?"

"முதலாளி பேரு இல்லாத வேலை அட்டை செல்லாதுடி. வேலை இல்லைன்னா அவங்களை இங்க இருக்க விடுவாங்களா? எல்லையத் தாண்டி எந்த வீட்டுக்குப் போவாங்க? அங்க யாரு இருக்கா?"

"அதுக்காக நம்ம எல்லாரும் இந்தச் சேத்துலயே கெடக்கணுமா? உன்னைக் கூட்டிட்டு வர்றேன்னு நான் வாக்குக் குடுத்திருக்கேம்மா. நீ வரலைன்னா என்னையும் அனுப்பிடுவாங்க."

கீழே செருப்புச் சத்தம் கேட்டது. இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

ஓன் மே கையில் பிளாஸ்டிக் பேசினோடு படியேறி வந்தாள். புருஷன் சோ தெய்னின் அக்கா, நிலாருக்கு நாத்தனார். முதலில் இந்த ஊருக்கு வந்தவள் அவள்தான். தம்பியையும் தம்பி பெண்டாட்டியையும் பர்மாவின் தவோயிலிருந்து வரவழைத்து, தன் அறையிலேயே பாயைப் பிரித்துப் போட்டு, யமின் பிறந்தபோது தாயும் பிள்ளையுமாக இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டவள். கல்யாணம் என்று ஒன்று அவளுக்கு நடக்கவில்லை. கேட்டால், இறாலுக்கு வாக்கப்பட்டுட்டேன், நாத்தம் பிடிச்ச புருஷன், ஆனா அடிக்க மாட்டான் என்பாள்.

பேசினில் படிகாரத் தண்ணீர். வேலைக்குப் போகுமுன் அதில் விரல்களை ஊற வைப்பது அவள் வழக்கம்.

"என்னடி, ஆத்தாளும் மவளும் காலங்காத்தால குசுகுசுன்னு? மாப்பிள்ளை பாக்குறீங்களா?"

"பாத்தா உங்ககிட்ட சொல்லாமலா அத்தை?" என்றாள் யமின். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு விறுவிறுவென்று இறங்கிப் போனாள்.

ஓன் மே படியில் உட்கார்ந்து விரல்களைத் தண்ணீரில் விட்டாள். சுருக்கென்று எரிந்திருக்க வேண்டும். கண்ணை ஒரு நிமிஷம் மூடிக்கொண்டாள். நிலார் அந்தக் கைகளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள்.

"ஆமா, கேக்கணும்னு இருந்தேன்" என்றாள் ஓன் மே. "இத்தனை வருஷமா இல்லாம நம்ம முதலாளியம்மா ஜே புவாவை உக்கார வெச்சுக் கும்பிடணும்னு உனக்கு என்ன திடீர் பக்தி?"

"பெரியவங்கதானே அண்ணி? அவங்க சோத்தைத்தானே சாப்பிடுறோம்?"

"சோறு போன வருஷமும் சாப்பிட்டோம். அப்ப வராத பக்தி இப்ப எங்கேருந்து வருதுன்னுதான் கேட்டேன்."

நிலார் சிரித்து மழுப்பினாள். அந்தச் சிரிப்பு அவளுக்கே பொய்யாகக் கேட்டது.

உண்மையான காரணம் இதுதான். விரதம் முடிகிற பௌர்ணமியில் சின்னவர்கள் பெரியவர்கள் முன் மண்டியிட்டு, மூன்று முறை குனிந்து கும்பிட்டு, பிழை பொறுக்கச் சொல்லிக் கேட்பார்கள். பெரியவர்கள் வாழ்த்துவார்கள். வாழ்த்து கிடைக்கும்வரை எழுந்திருக்கக் கூடாது. அந்த மன்னிப்பில் ஒரு சௌகரியம் உண்டு. எந்தப் பிழை என்று சொல்ல வேண்டியதே இல்லை. தெரிந்தும் தெரியாமலும் செய்த எல்லாவற்றையும் மொத்தமாகப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுவிடலாம். அந்த மொத்தத்துக்குள் நாளைக்குச் செய்யப் போகும் ஒன்றையும் சத்தமில்லாமல் நுழைத்துவிடலாம் என்று நிலார் நினைத்தாள். ஜே புவாவிடம் கொட்டகையில், நாத்தனாரிடம் சாயங்காலம் வீட்டில். பிறகு எப்படியும் சொல்லித்தானே ஆக வேண்டும், சொல்லும்போது மனசு கொஞ்சம் லேசாக இருக்குமே என்று ஒரு கணக்கு.

மனுஷி கெட்டவள் இல்லை. பயந்தவள்.

கொட்டகையில் அன்றைக்கு ஒரே கலகலப்பு. முப்பது சொச்சம் பெண்கள், எல்லோரும் தலையில் பூ வைத்து, மேலே ரப்பர் ஏப்ரன் கட்டியிருந்தார்கள். ஒரு பிக்கப் வண்டிச் சரக்கு மேஜைகளில் கொட்டிக் கிடந்தது. இன்னொரு வண்டி மத்தியானம் வரும். தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, முதுகு நரம்பை இழுத்து, ஐஸ் தண்ணீரில் எறிகிற வேலை. கை ஓடிக்கொண்டே இருக்க, வாய் அதைவிட வேகமாக ஓடியது.

சோ தெய்ன் ஐஸ் உடைக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று வெற்றிலை மென்றுகொண்டிருந்தான். ஐஸை மேஜைக்கு மேஜை வாரிப் போடுவதும், போகிற வழியில் ஒரு வம்பு இழுப்பதும் அவன் உத்தியோகம்.

"என்ன மேஸ்திரியம்மா, இன்னிக்குப் புருஷனையும் கும்பிடுவீங்களா?" என்று பெண்டாட்டியைக் கேட்டான்.

"நீங்க பெரியவரா?"

"உன்னைவிட மூணு வயசு பெரியவன்."

"வயசுல."

மேஜையே சிரித்தது. நிலாரும் சிரித்தாள். ஏப்ரன் பையில் போன் அதிர்ந்தது. எடுக்கவில்லை. ஒரு கூடையைத் தூக்கித் தராசில் வைத்தாள், மறுபடி இறக்கினாள், வேறு கூடையை வைத்தாள். நின்றாலும் நடந்தாலும் அந்த அதிர்வு தொடையில் இருந்துகொண்டே இருந்தது.

"நிலார், இங்க வா" என்று கூப்பிட்டாள் ஜே புவா.

ஜே என்றால் அக்கா. சந்தையில் கடை வைத்திருக்கும் சீன வம்சத்துப் பெண்களை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஜே புவாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், கழுத்தில் தடித்த சங்கிலி, வாயில் எப்போதும் ஒரு திட்டு. இத்தனை வருஷத்தில் அவள் கற்றுக்கொண்ட பர்மிய மொழியில் முக்கால்வாசி கெட்ட வார்த்தைதான். அதை அவள் பிரியமாகச் சொல்வாள் என்பதால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

இன்று அவள் காலையிலிருந்து ஒருவரையும் திட்டவில்லை. எல்லோருக்கும் வாழையிலையில் சுற்றிய ஒட்டரிசிப் பலகாரம் வாங்கி வைத்திருந்தாள். தெரிந்துவிட்டது, அதனால்தான் இந்த அமைதி என்று நிலார் நினைத்தாள்.

"உனக்கு எப்பவாவது ஊருக்கே போயிடலாம்னு தோணுமா?" என்று கேட்டாள் ஜே புவா.

"எதுக்கு ஜே கேக்குறீங்க?"

"சும்மாதான். என் பையன் இந்த வாசலை மிதிச்சு ரொம்ப நாளாச்சு. நாத்தம் அடிக்குதாம். இந்த நாத்தத்துலதான்டா உன்னைப் படிக்க வெச்சேன்னேன். போனை வெச்சுட்டான்."

"சின்னப் பையன்தானே ஜே."

"நாப்பது வயசு சின்னப் பையன். எங்க ஊர்ப் பொண்ணுங்களையும் கூப்பிட்டுப் பாத்தேன், உனக்குத் தெரியும்ல? ஒருத்தி வந்தா. மத்தியானம் சாப்பிடப் போனா. இன்னும் சாப்பிட்டுக்கிட்டே இருக்கா."

நிலார் சிரிக்க முயன்றாள்.

"நீங்க இல்லைன்னா இந்தக் கொட்டகை வெறும் தகரம்" என்றாள் ஜே புவா. ஏதோ சொல்ல வந்தவள் போல உதட்டைப் பிரித்தாள். பிறகு தராசு முள்ளை விரலால் தட்டிவிட்டு, "போ, போ, வேலையைப் பாரு. எப்பக் கும்பிடணுமோ கூப்பிடு, வந்து உக்காருறேன்" என்று நகர்ந்தாள்.

சொல்லிவிடலாமா என்று நிலாருக்கு ஒரு கணம் தோன்றியது. பின்னாலேயே இரண்டு எட்டு வைத்தாள். தொடையில் போன் அதிர்ந்தது. நின்றுவிட்டாள்.

மத்தியானம் இரண்டாவது வண்டி வந்து, இறால் பெட்டிகளை இறக்கி, மேலே ஐஸைப் போர்த்தினார்கள். அதைத் தொடுவதற்கு முன் கும்பிட்டுவிடலாம் என்று பேச்சு. ஈரச் சிமெண்டின் மேல் நீலத் தார்ப்பாயை விரித்தார்கள். தட்டில் வாழைப்பழச் சீப்பு, தேங்காய், மெழுகுவர்த்தி, புதுத் துண்டு. எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அரை நாள் லீவு போட்டுவிட்டு யமினும் வந்து ஓரமாக நின்றாள். அம்மாவின் பதிலை வாங்காமல் அவளுக்கு வேலையில் இருப்புக் கொள்ளவில்லை.

ஜே புவா பூட்ஸைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாள். "என்னடி இது, கல்யாணப் பொண்ணு மாதிரி உக்கார வெச்சுட்டீங்க" என்றாள். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. கடைசியில் மடியில் கோத்துக்கொண்டாள்.

பெண்கள் மண்டியிட்டார்கள். முன்வரிசையில் நடுவில் நிலார், அவள் வலப்பக்கம் ஓன் மே. எல்லோரும் ஒன்றாகக் குனிந்து நெற்றியால் தரையைத் தொட்டார்கள். ஒரு முறை. இரண்டாம் முறை. பழக்கத்தில் சொற்கள் பர்மிய மொழியில் தாமாக வந்தன. ஜே புவாவுக்குப் புரிய வேண்டுமே என்று நிலார் தலையை நிமிர்த்தி அவள் பாஷையிலும் சொன்னாள்.

"உடம்பால, வாயால, மனசால, தெரிஞ்சும் தெரியாமலும் நாங்க உங்களுக்குச் செஞ்ச எல்லாப் பிழையையும் பொறுத்துக்கணும் ஜே."

ஜே புவாவின் முகம் வெளுத்தது.

"யாரு சொன்னா உங்களுக்கு?" என்றாள்.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

"கேக்குறேன்ல? யாரு சொன்னா? எல்லாரும் சேந்து என்கிட்ட விடை வாங்க வந்திருக்கீங்களே, யாரு சொல்லி வந்தீங்க?"

"ஜே, இது எங்க வழக்கம்" என்று நிலார் ஆரம்பித்தாள்.

"எது வழக்கம்? என் அண்ணன் சாமியாரா மடத்துக்குப் போறதுக்கு முந்தின நாள் என் காலடியில இப்படித்தான் மண்டி போட்டான். என் புருஷன் ஆஸ்பத்திரியில பேச முடியாத வாயால இதைத்தான் கேட்டான். அடுத்த நாள் போயிட்டான். போறவங்க கேக்குறது இது. சித்திரையில புத்தாண்டுக்குக் கையில தண்ணி ஊத்திக் கேட்டா அது வேற. ஐப்பசியில எவ கேப்பா?" அவள் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஆமா, வித்துட்டேன். கொட்டகையை வித்துட்டேன். அடுத்த மாசத்தோட மூடுறேன். பண்டிகை முடியட்டும், நானே சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீங்களே வந்து கும்புடு போட்டுட்டீங்க."

பின்வரிசையில் யாரோ ஒருத்தி அழ ஆரம்பித்தாள். ஒருத்தியின் கை தட்டில் பட்டுத் தேங்காய் உருண்டது.

"சும்மா இல்லடி" என்றாள் ஜே புவா, எல்லோரையும் பார்த்து. "அக்கரைக் கம்பெனிக்காரன்தான் வாங்குறான், ஐஸ் கிடங்கு கட்ட. என் ஆளுங்க அத்தனை பேருக்கும் வேலை குடுக்கணும், அப்பத்தான் குடுப்பேன்னு சொன்னேன். அந்த பிரமோட் சிரிக்கிறான். 'அதுக்கு அவசியமே இல்ல ஜே, வாசல்ல கை பாத்துத்தான் எடுப்போம், நல்ல கையாப் பொறுக்கிக் கூட்டிட்டு வர்றேன்னு உங்க நிலாரே ஒத்துக்கிட்டாங்க'ங்கிறான். என் மேஸ்திரி அப்படிச் செய்ய மாட்டா, காதுல பூ சுத்தாதன்னு சொல்லிட்டு வந்தேன்."

அவள் நாற்காலியின் நுனிக்கு வந்து நிலாரை நேராகப் பார்த்தாள்.

"பொய்தானே?"

ஐஸ் இயந்திரம் நின்றது. சோ தெய்ன் அதை அணைத்துவிட்டுப் பெண்டாட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வெற்றிலை மெல்வதையும் நிறுத்தியிருந்தான்.

"இல்லைன்னு சொல்லுங்கக்கா" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கெஞ்சியது.

இல்லை என்று நிலார் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். வரவில்லை. எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

அவளுக்கு வலப்பக்கம் ஓன் மே மட்டும் இன்னும் கை கூப்பியபடி இருந்தாள். இரண்டு முறைதான் கும்பிட்டிருந்தார்கள், ஒன்று பாக்கி. அவள் நிதானமாகக் குனிந்து, நெற்றியைத் தார்ப்பாயில் வைத்து, மூன்றாவதையும் முடித்துவிட்டு எழுந்து நின்றாள்.

நிலார் முழங்காலாலேயே அவள் பக்கம் திரும்பினாள்.

"அண்ணி, தெரிஞ்சும் தெரியாமலும் நான்..."

"நிறுத்து."

ஓன் மே இரண்டு கைகளையும் அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். நகங்கள் பாதிக்கு மேல் கரைந்து போயிருந்தன. விரல் இடுக்குகள் வெந்து வெளுத்து, ஓரங்களில் சிவந்திருந்தன. வலது கட்டைவிரல் நுனியில் இறால் முள் குத்திக் குத்தி ஆறாமல் போன பள்ளம். இந்தக் கைகளைத் தினமும் பார்த்துக்கொண்டு இருந்தவள்தான் நிலார். இன்று காலையில் சுவரைப் பார்த்தவளும் அவள்தான்.

"எதுக்குன்னு சொல்லிட்டுக் கேளு" என்றாள் ஓன் மே. "மொத்தமாக் கேட்டா மொத்தமாக் குடுக்க நான் என்ன சந்நியாசியா?"

நிலாரின் கண்ணீர் தனாக்காவைக் கரைத்துக்கொண்டு இறங்கியது.

"உங்களை விட்டுட்டுப் போறதா ஒத்துக்கிட்டேன் அண்ணி."

"எப்ப?"

"போன வாரம்."

"கை பாத்து எடுப்பாங்கன்னு தெரிஞ்சேவா?"

"அப்பத் தெரியாது. இன்னிக்குக் காலைல தெரிஞ்சுது. தெரிஞ்சப்புறமும் மாட்டேன்னு சொல்லல."

"ஏன்?"

"யமின் வேலை போயிடும்னு பயம். உங்க கையை நாலு பேர் முன்னாடி நீட்ட வெக்கவும் பயம். சொல்லாமலே மன்னிப்பு வாங்கிக்கலாம்னு நெனச்சேன்."

"ம்" என்றாள் ஓன் மே. "இப்பத்தான் கேட்டிருக்கே."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கைகளை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு மேஜைப் பக்கம் நடந்தாள். "ஐஸ் கரையுது. உரிக்கிறவ எல்லாம் வாங்க. ஜே இன்னும் மூடல" என்று குரல் கொடுத்தாள்.

பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொருத்தியாக எழுந்து போனார்கள். சோ தெய்ன் இயந்திரத்தை மறுபடி முடுக்கவில்லை. அக்காவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். பெண்டாட்டி பக்கம் திரும்பவே இல்லை. ஜே புவா நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். தான் வாழ்த்த வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாது. நிலாருக்கு இரண்டு பேரிடமிருந்தும் வாழ்த்து கிடைக்கவில்லை. அதனால் எழ முடியாமல் முழங்காலிலேயே இருந்தாள்.

போன் அதிர்ந்தது. இந்த முறை அதை எல்லோரும் கேட்டார்கள். நிலார் எடுத்தாள்.

"எத்தனை பேர்னு சொல்லுங்கம்மா, பஸ்ஸுக்குச் சொல்லணும்" என்றான் பிரமோட்.

யமின் ஓடி வந்து பக்கத்தில் குந்தினாள். "அம்மா, யோசிச்சுப் பேசும்மா. என் வேலைம்மா" என்று கிசுகிசுத்தாள்.

நிலார் குரலைத் தாழ்த்தவில்லை.

"எல்லாரும்" என்றாள்.

மறுமுனையில் பிரமோட் கேட்டான். "கையெல்லாம் பாத்துட்டீங்கல்ல?"

"இப்பத்தான் பாத்தேன். இந்தக் கையெல்லாம் சேந்துதான் வரும். இல்லைன்னா ஒண்ணும் வராது."

"அதையெல்லாம் நாளைக்கு வாசல்ல பேசிக்கலாம்" என்று சொல்லி அவன் வைத்துவிட்டான். சிரித்தானா, எரிச்சல்பட்டானா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

யமின் எழுந்தாள். "உனக்கு நான் முக்கியமே இல்லல்ல?" என்று அம்மாவிடம் கத்தினாள். "நாளைக்கு அங்க யாரு அசிங்கப்படுவா தெரியுமா? நீயா? அத்தை! அதையும் என் வாயால..."

மேஜையில் முதல் இறாலை எடுத்துவிட்ட ஓன் மே தலையைத் தூக்கினாள்.

"யமின், இங்க வா."

யமின் போனாள். சின்ன வயதில் இந்த மேஜைக்கு அடியில், இந்த அத்தையின் கால்களுக்கு நடுவில்தான் அவள் தூங்கி எழுந்து வளர்ந்தாள்.

"நாளைக்கு வாசல்ல கையை நீட்டுங்கன்னு சொல்லப் போறது யாரு? நீயா?"

யமின் ஆமென்று தலையை ஆட்டினாள்.

"நல்லது. வேற எவனாவது பாக்குறதுக்கு நீயே பாரு" என்றாள் ஓன் மே. ஒரு இறாலின் தலையைக் கிள்ளிப் போட்டாள். "நான் வர்றேன். வந்து நீட்டுறேன். தேறுமா தேறாதான்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி நீயே சொல்லு."